60 சதவீத யுரேனியம் என்றால் என்ன? போர்ச் செய்திகளைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானின் அணு ஆலைகளைத் தாக்கத் தொடங்கியது. ஜூன் 22இல் அமெரிக்காவும் ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் ஆகிய மூன்று இடங்களில் குண்டு வீசியது. 12 நாள் நடந்த அந்தச் சண்டை முழுவதும் "60 சதவீதம் செறிவூட்டப்பட்ட யுரேனியம்" என்ற பேச்சு டிவி விவாதங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓயாமல் அடிபட்டது. கேட்டவர்கள் பலர் ஆளுக்கொரு கணக்குப் போட்டுக்கொண்டார்கள். "60 தானே, குண்டுத் தரமான 90க்குப் போக இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது" என்றார்கள் சிலர். "60 வந்துவிட்டதா, அப்படியானால் குண்டு தயார்" என்றார்கள் மற்றவர்கள்.

இரண்டும் தவறு. அதுவும் எதிரெதிர்த் திசையில் தவறு. ஒரு போரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் மனசாட்சி. ஆனால் மக்கள் செத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தில், நியாயத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் எண் என்ன சொல்கிறது என்று தெரியாமல் பக்கம் எடுப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். பள்ளிக்கூட அறிவியல் நினைவில் இருந்தாலே இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஒரே யுரேனியம், இரண்டு எடை

தோண்டி எடுக்கும் யுரேனியத்தில் பெரும்பாலும் இரண்டு வகை அணுக்கள் கலந்திருக்கும். இரண்டிலும் புரோட்டான்கள் 92. நியூட்ரான்களின் எண்ணிக்கையில்தான் வித்தியாசம். ஒன்றில் 146, இன்னொன்றில் 143. கூட்டிப் பார்த்தால் 238, 235. அதனால்தான் யுரேனியம்-238, யுரேனியம்-235 என்கிறோம். இப்படி ஒரே தனிமத்தில் எடை மட்டும் மாறுபடும் அணுக்களுக்கு ஐசோடோப்புகள் என்று பெயர்.

இயற்கையில் 238 வகை 99.3 சதவீதம், 235 வகை 0.7 சதவீதம். அதாவது ஆயிரம் அணுவில் ஏழு.

அந்த ஏழுக்குத்தான் இத்தனை அமளியும். யுரேனியம்-235 மீது ஒரு நியூட்ரான் மோதினால் அதன் அணுக்கரு பிளந்து, வெப்பத்தோடு சேர்த்து இரண்டு மூன்று நியூட்ரான்களையும் வெளியே தள்ளும். அவை பக்கத்து அணுக்களைப் பிளக்கும். இப்படி ஒன்று ஒன்றைத் தூண்டிக்கொண்டே போவதைத் தொடர்வினை என்கிறோம். 238 வகை அணு பெரும்பாலும் நியூட்ரானை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அணு உலையில் தொடர்வினை கூடாமலும் குறையாமலும் ஒரே சீராகப் போகும்படி பார்த்துக்கொள்கிறார்கள். குண்டில் அது கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு குறைந்த நேரத்தில் பெருகிவிட வேண்டும். அதற்கு 235 வகை அணுக்கள் நெருக்கமாக இருக்க வேண்டும், நடுவே விழுங்கிகள் குறைவாக இருக்க வேண்டும்.

235இன் பங்கைக் கூட்டும் வேலைதான் செறிவூட்டல். 60 சதவீதம் என்றால் அந்த யுரேனியத்தில் நூறு அணுவுக்கு அறுபது 235 வகை என்று அர்த்தம். அவ்வளவுதான். குண்டு அறுபது சதவீதம் கட்டி முடிந்திருக்கிறது என்ற பொருள் அதற்குக் கிடையாது.

ஆயிரம் பயறில் ஏழே ஏழு

ஒரு முறத்தில் ஆயிரம் பயறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஏழு மட்டும் நமக்கு வேண்டியவை. நிறத்திலும் வடிவத்திலும் எல்லாம் ஒரே மாதிரி. அந்த ஏழும் மற்றவற்றைவிட இம்மி அளவு எடை குறைவு. கையால் பொறுக்க முடியாது. புடைத்துப் புடைத்துத்தான் வேண்டாதவற்றைத் தள்ள வேண்டும். இப்போது கணக்கைப் பாருங்கள்.

வேண்டாத 860 பயறைத் தள்ளிவிட்டால் முறத்தில் 140 இருக்கும். அதில் ஏழு என்பது 5 சதவீதம். மின்சாரம் எடுக்கும் அணு உலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது போதும்.

இன்னும் 105ஐத் தள்ளினால் மீதி 35. ஏழு இப்போது 20 சதவீதம்.

இன்னும் 23ஐத் தள்ளினால் மீதி 12. ஏழு இப்போது கிட்டத்தட்ட 60 சதவீதம்.

இன்னும் நாலே நாலைத் தள்ளினால் மீதி 8. ஏழு இப்போது 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ஆக, தள்ள வேண்டியவை மொத்தம் 992. அறுபதைத் தொடும்போதே 988ஐத் தள்ளியாகிவிட்டது. உண்மையான ஆலையில் கழிவோடு கொஞ்சம் 235 வகையும் போய்விடும், கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனாலும் முடிவு மாறாது. குண்டுத் தரத்துக்குத் தேவைப்படும் மொத்த உழைப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலை எரிபொருள் தரத்திலேயே முடிந்துவிடுகிறது. 20 சதவீதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, 60 சதவீதத்தில் நூற்றில் 99 பங்கு முடிந்துவிடுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், சதவீதம் ஏற ஏற வேலை குறைகிறது. 0.7இல் இருந்து 5க்குப் போவதுதான் மலையேற்றம். 60இல் இருந்து 90 என்பது ஏறக்குறைய வாசல்படி. "60 தானே" என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அந்த முறம் எப்படி இருக்கும்

உலோகத்தைப் புடைக்க முடியாது, வாயுவாக்க வேண்டும். யுரேனியத்தை ஃபுளூரினோடு சேர்த்து யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற சேர்மமாக மாற்றுகிறார்கள். லேசாகச் சூடாக்கினாலே, 60 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே அது ஆவியாகிவிடும். அந்த ஆவியை மெலிதான, உயரமான உருளைக்குள் செலுத்தி அசுர வேகத்தில் சுழற்றுகிறார்கள். இதுதான் மையவிலக்கு இயந்திரம், செய்திகளில் சென்ட்ரிஃபியூஜ் என்று வருவது. ஈரானின் முதல் தலைமுறை இயந்திரமே விநாடிக்கு ஆயிரம் சுற்று சுற்றும். கனமான 238 உள்ள மூலக்கூறுகள் சுவர்ப்பக்கம் ஒதுங்கும், லேசானவை நடுப்பக்கம் சேரும். இரண்டுக்கும் எடை வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை என்பதால் ஒரு இயந்திரம் செய்யும் வேலை மிகச் சொற்பம். ஒன்றில் இருந்து எடுத்ததை அடுத்ததில் விட்டு, அதை அடுத்ததில் விட்டு, நூற்றுக்கணக்கான இயந்திரங்களைக் குழாய்களால் கோத்திருப்பார்கள்.

இதன் வரலாறே ஒரு அரசியல் கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் யூனியனில் கைதியாக இருந்த கெர்னாட் ஸிப்பே என்ற ஆஸ்திரியப் பொறியாளரின் குழு இந்த வடிவத்தைச் செம்மைப்படுத்தியது. அந்த வழியில் ஐரோப்பாவில் வளர்ந்த வடிவமைப்புகளை 1970களில் நெதர்லாந்தில் வேலை பார்த்த பாகிஸ்தான் விஞ்ஞானி ஏ.க்யூ. கான் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். பிற நாடுகளுக்கு அதைக் கைமாற்றியதை 2004இல் பாகிஸ்தான் தொலைக்காட்சியிலேயே அவர் ஒப்புக்கொண்டார். ஈரானின் முதல் இயந்திரம் அந்த வரிசையில் வந்ததுதான்.

முன் பகுதியில் பார்த்த கணக்கு இங்கே இன்னொரு விஷயத்தையும் விளக்கும். நதான்ஸ் ஆலை சுமார் 50,000 இயந்திரங்களுக்காகத் திட்டமிடப்பட்டது. 2009இல் வெளியே தெரியவந்த, கோம் நகருக்குப் பக்கத்தில் மலையைக் குடைந்து கட்டிய ஃபோர்டோவில் சுமார் 3,000க்குத்தான் இடம். சிறியதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு மின் உலைக்கு எரிபொருள் கொடுக்க 3,000 போதாது. ஏற்கெனவே பாதி வழி வந்த பொருளை மேலே ஏற்றுவதற்கு அது தாராளம். சந்தேகம் எழுந்ததே அதன் சின்ன அளவால்தான்.

எந்தச் சதவீதம் எதற்கு

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் இயற்கை யுரேனியத்திலேயே ஓடுகிறது. நியூட்ரானை அதிகம் விழுங்காத கனநீரைப் பயன்படுத்துவதால் செறிவூட்டல் தேவையில்லை. கூடங்குளத்துக்கு 5 சதவீதத்துக்கு உட்பட்ட எரிபொருள் ரஷ்யாவில் இருந்து வருகிறது. ஈரானின் புஷெஹ்ர் மின் நிலையமும் கூடங்குளத்தின் வகையைச் சேர்ந்த ரஷ்ய உலைதான், அதற்கும் எரிபொருள் ரஷ்யா தருகிறது.

20 சதவீதம் என்பது சர்வதேச அளவில் போட்டிருக்கும் கோடு. அதற்குக் கீழே குறைசெறிவு, அதிலிருந்து மேலே உயர்செறிவு. மருத்துவ ஐசோடோப்புகள் தயாரிக்கும் ஆய்வு உலைகள் பல இந்தக் கோட்டை ஒட்டிய எரிபொருளில் ஓடுகின்றன. தெஹ்ரானில் அப்படி ஒரு ஆய்வு உலை உண்டு. 1967இல் அதைக் கொடுத்தது அமெரிக்கா. அன்று அதனுடன் வந்த எரிபொருள் 90 சதவீதத்துக்கும் மேல் செறிவூட்டப்பட்டது. மன்னர் ஷா ஆட்சியில் நண்பனாக இருந்த நாட்டுக்குக் கொடுத்தது அது. பின்னாளில் அதை 20 சதவீதத்துக்கு மாற்றினார்கள். இந்த வரலாற்றைச் சொல்லாமல் ஈரானின் கோபத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

அதே நேரத்தில் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 60 சதவீதத்தில் நூற்றுக்கணக்கான கிலோ சேர்த்து வைக்க ஈரானுக்கு நம்பத்தகுந்த மின்சாரத் தேவையோ மருத்துவத் தேவையோ இல்லை. அணு ஆயுதம் இல்லாத நாடுகளில் இந்த அளவுக்குச் செறிவூட்டியது ஈரான் மட்டுமே என்று, நாடுகளின் அணு ஆலைகளைக் கண்காணிக்கும் சர்வதேச அணுசக்தி முகமை தன் அறிக்கைகளில் எழுதியிருக்கிறது. பேரம் பேசுவதற்கான துருப்புச்சீட்டாக அது சேர்க்கப்பட்டது என்பது என் கணிப்பு. குண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று காட்டிப் பேரம் பேசுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2025 ஜூன் காட்டிவிட்டது.

அப்புறம், இதே குடும்பத்தில் இன்னொரு குழப்பம். செறிவூட்டல் முடிந்து மிஞ்சுவது 235 குறைந்துபோன, கிட்டத்தட்ட முழுக்க 238 ஆன கழிவு. அதற்குச் செறிவிழந்த யுரேனியம் என்று பெயர், மேலே சொன்ன குறைசெறிவு வேறு. ஈயத்தைவிட ரொம்பக் கனமானது என்பதால் டாங்கிக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளில் பயன்படுகிறது. 2023 மார்ச்சில் பிரிட்டன் அப்படிப்பட்ட குண்டுகளை உக்ரைனுக்குத் தருவதாக அறிவித்ததும், அணு ஆயுதமே போய்விட்டது போலப் பகிர்ந்தார்கள். அது அணுகுண்டு இல்லை. அதன் நச்சுத்தன்மை பற்றிய விவாதம் தனி, அதற்கு நியாயமும் உண்டு.

90 சதவீதம் இருந்தால் அதுவே குண்டா?

இல்லை. "குண்டு தயார்" என்பவர்கள் தாவிவிடும் இடம் இது.

உருளையில் இருப்பது வாயுவாக்கக்கூடிய ஒரு சேர்மம். அதை உலோகமாக்க வேண்டும், துல்லியமாகக் கடைய வேண்டும், அதைச் சரியான நொடியில் ஒன்றுசேர்க்கும் வெடி அமைப்பு வேண்டும், பிறகு ஏவுகணையில் வைக்கும் அளவுக்குச் சிறிதாக்க வேண்டும். இந்தப் பகுதியை ஆயுதமாக்கல் என்பார்கள். செறிவூட்டல் நாள், வாரக் கணக்கில் முடிந்தாலும் இது மாதக் கணக்கு, வருடக் கணக்கு. "சில வாரங்களில் குண்டு" என்று ஒருவர் சொன்னால் அவர் பெரும்பாலும் மூலப்பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்.

90 என்ற எண்ணும் மந்திரக் கோடு அல்ல. 1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமா மீது விழுந்த குண்டில் இருந்தது சுமார் 64 கிலோ யுரேனியம், சராசரியாக 80 சதவீதச் செறிவு. அதில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒரு நகரத்தை அழிக்க அதுவே போதுமானதாக இருந்தது. செறிவு 90இல் இருந்து கொஞ்சம் குறைந்தால் குண்டு பெரிதாகும், கனமாகும்.

அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முடிவு வேண்டும், செய்வதா வேண்டாமா என்று. ஜப்பானிடம் செறிவூட்டும் ஆலை இருக்கிறது, குண்டுக்கு இன்னொரு மூலப்பொருளான புளூட்டோனியம் பல டன் இருக்கிறது. குண்டு இல்லை, ஏனென்றால் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகளைச் செய்தே வைத்திருந்தது, பிறகு தானே கழற்றிப்போட்டது. 1993இல் அதிபர் டி கிளர்க் அதை உலகுக்கு அறிவித்தார்.

ஆக மூன்று கேள்விகள் தனித்தனி: பொருள் இருக்கிறதா, அதை ஆயுதமாக்கும் திறன் இருக்கிறதா, அந்த எண்ணம் இருக்கிறதா? சதவீதம் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில்.

ஆலை மீது குண்டு விழுந்தால் செர்னோபில் ஆகுமா?

ஜூனில் பலரும் பயந்து கேட்ட கேள்வி இது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் குடும்பங்களுக்கு அந்தப் பயம் இன்னும் கூடுதல்.

செறிவூட்டும் ஆலையை வெளியே இருந்து குண்டு போட்டுத் தகர்த்தால் அங்கே அணுகுண்டு வெடிக்காது. உள்ளே இருக்கும் யுரேனியம் ஒரே கட்டியாக, குறித்த கணத்தில் சேர வேண்டும். சிதறடித்தால் அது நேர்மாறாகத்தான் நடக்கும். கசிவுதான் ஆபத்து. முன்பு சொன்ன யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய நச்சு உண்டாகும். ஆலைக்குள் இருப்பவர்களுக்கு அது உயிராபத்து, ஆனால் நாடு கடந்து பரவாது. தாக்குதல்களுக்குப் பின் ஆலைகளுக்கு வெளியே கதிர்வீச்சு கூடவில்லை என்று முகமை தெரிவித்தது.

புஷெஹ்ர் கதை வேறு. அது ஓடுகிற உலை. எரிந்த எரிபொருளில் சீசியம், அயோடின் போன்ற கடும் கதிரியக்கப் பொருட்கள் குவிந்திருக்கும். 1986இல் சோவியத் யூனியனில் வெடித்த செர்னோபில் உலை வெளியே விட்டவை இவைதான். அந்த உலை நிற்பது வளைகுடாக் கரையில். எதிர்க்கரையில் குவைத்தும் கத்தாரும் குடிநீருக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலைகளையே நம்பியிருக்கின்றன. "அணு ஆலை தாக்கப்பட்டது" என்று தலைப்பு வந்தால் எந்த ஆலை என்று முதலில் பாருங்கள்.

ஃபத்வாவை எப்படிப் புரிந்துகொள்வது

இனி மதம். ஈரானின் உச்சத் தலைவர் என்ற நிலையில் அலி காமெனி அணு ஆயுதம் மார்க்கத்துக்கு விரோதம் என்றார். 2005இல் வியன்னாவில் ஈரான் வாசித்த அறிக்கை, தயாரிப்பது, சேர்த்து வைப்பது, பயன்படுத்துவது மூன்றையும் அவருடைய ஃபத்வா தடுப்பதாகச் சொன்னது. 2010 ஏப்ரலில் தெஹ்ரான் மாநாட்டுக்கு அவர் அனுப்பிய செய்தி, பயன்படுத்துவதை ஹராம் என்றது. இதை ஒரு தரப்பு முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறது, மறுதரப்பு வெறும் நாடகம் என்று ஒதுக்குகிறது.

ஃபத்வா என்பது தகுதியுள்ள மார்க்க அறிஞர் ஒரு கேள்விக்குத் தரும் தீர்ப்புரை. அதன் பலத்துக்கு ஈரானின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1890இல் அன்றைய மன்னர் ஷா புகையிலை வணிகத்தை ஒரு பிரிட்டிஷ்காரருக்குத் தாரை வார்த்தார்; 1891 கடைசியில் மார்க்க அறிஞர் மிர்சா ஷிராஸியின் ஃபத்வா என்று வந்த ஓலையைக் கேட்டு நாடே புகைப்பதை நிறுத்தியது. ஷா பணிந்து ஒப்பந்தத்தை ரத்து செய்தார். அதற்குப் பின் தடை விலக்கப்பட்டது. சூழல் மாறினால் தீர்ப்பும் மாறலாம் என்பது அந்த மரபுக்கு உள்ளேயே இருக்கிறது. உயிரோடிருக்கும் அறிஞரைப் பின்பற்றுவதே ஷியா மரபின் பெரும்பான்மை வழக்கம் என்பதால், ஒருவரின் தீர்ப்பு அவர் காலத்துக்குப் பின் அப்படியே நிற்கும் என்றும் சொல்ல முடியாது. நாட்டின் இருப்புக்கே ஆபத்து வந்தால் அணுக் கோட்பாடு மாறும் என்று 2024 மே மாதம் காமெனியின் ஆலோசகர் கமால் கராஸியே பேசினார்.

ஆனால் நாடகம் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. 1980களின் போரில் ஈராக்கின் ரசாயன ஆயுதங்களால் ஈரானியர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். 1987இல் சர்தாஷ்ட் நகரத்துப் பொதுமக்கள் மீதே அது வீசப்பட்டது. அந்த வலி அந்த 2010 செய்தியிலும் இருக்கிறது. மத நம்பிக்கையை வைத்து யார் குண்டு செய்வார்கள் என்று கணிப்பது மட்டும் வீண். கிறிஸ்தவர் பெரும்பான்மை நாடுகள், யூத நாடு, இந்துக்கள் பெரும்பான்மை நாடு, முஸ்லிம் நாடு, கடவுளே இல்லை என்ற கட்சி ஆளும் நாடு, எல்லோர் கையிலும் அது இருக்கிறது.

ஒப்பந்தமும் ஆய்வாளர்களும்

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1970இல் நடைமுறைக்கு வந்தது. ஆயுதம் இல்லாத நாடுகள் அதைச் செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தன. பதிலுக்கு அமைதிப் பயன்பாட்டுக்கு உரிமை பெற்றன, ஆய்வுக்கும் ஒப்புக்கொண்டன. ஈரான் அதில் இருக்கும்போது தாக்கப்பட்டது. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் மூன்றும் கையெழுத்தே போடவில்லை.

2015 ஜூலையில் வியன்னாவில் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளுடன் ஈரான் எட்டிய உடன்பாடு அதன் செறிவூட்டலை 3.67 சதவீதத்திலும் கையிருப்பை 300 கிலோவிலும் நிறுத்தியது. முகமையின் ஆய்வாளர்கள் உள்ளே இருந்தார்கள். 2018 மே 8இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் அதிலிருந்து வெளியேறினார். அடுத்த வருடம் ஈரான் வரம்புகளை மீறத் தொடங்கியது. 2021 ஏப்ரலில் நதான்ஸில் நாசவேலை நடந்த கையோடு 60 சதவீதத்தை அறிவித்தது.

தாக்குதல் தொடங்கிய நாளில் முகமையின் மதிப்பீடு 440.9 கிலோ, 60 சதவீதச் செறிவில். முகமையின் அளவுகோலில், இன்னும் கொஞ்சம் ஏற்றினால் சுமார் பத்துக் குண்டுக்கான மூலப்பொருள். ஆழ்கடல் நீச்சல்காரர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் காற்று உருளை அளவுள்ள கலன்களில் அது அடங்கிவிடும். மலைக்கடியில் உள்ள கூடத்தைத் தகர்க்கலாம், இயந்திரங்களை நொறுக்கலாம், ஆனால் தூக்கிப்போகக் கூடிய கலன் எங்கே இருக்கிறது என்பதை விமானத்தில் இருந்து சொல்ல முடியாது. அதை எண்ணி, முத்திரை வைத்து, கேமராவில் கண்காணித்துச் சொல்ல வேண்டியவர்கள் ஆய்வாளர்கள். 2025 ஜூலைத் தொடக்கத்தில் ஈரான் முகமையுடனான ஒத்துழைப்பைச் சட்டம் போட்டு நிறுத்தி வைத்தது. போருக்கு முந்தின நாள் வரை கிலோவுக்குப் புள்ளி வைத்துச் சொல்ல முடிந்த கணக்கு, போருக்குப் பின் யாராலும் நேரில் சரிபார்க்க முடியாத கணக்காகிவிட்டது.